ஐயத்தைக் கடந்த அறிஞர் – இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

‘நான் எதை நம்புகிறேன், ஏன் நம்புகிறேன்?’ என்னும் வினாவைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அவ்வாறு கேட்டு, கிடைத்த விடைக்காகப் பதவியையும் புகழையும் துறந்த பேரறிஞர் இமாம் அபூஹாமித் முஹம்மத் அல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) குராசான் பகுதியின் தூஸ் நகரில் அவர்கள் பிறந்தார்கள். இன்றைய ஈரானின் வடகிழக்கில் உள்ளது அவ்வூர். தந்தையார் கம்பளி நூற்று விற்று வாழ்ந்த எளியவர். தமக்குக் கிட்டாத கல்வி தம் மக்களுக்கேனும் கிட்ட வேண்டும் என விழைந்த அவர், இறக்கும் தறுவாயில் முஹம்மத், அஹ்மத் ஆகிய இருவரையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். விட்டுச் சென்ற சிறுதொகை தீர்ந்ததும், உணவு அளிக்கும் மதரஸா ஒன்றில் சிறுவர் சேர்ந்தனர்.

ஜுர்ஜானில் பயின்று திரும்பும் வழியில் கள்வர்கள் இமாமவர்களின் பாடக் குறிப்புகளைப் பறித்துக்கொண்டனர் என்பர். ஏடு போனதும் போய்விடும் கல்வி என்ன கல்வி என்று கள்வர் தலைவன் நகைத்து அவற்றைத் திருப்பித் தந்தானாம். அதன்பின் மூன்றாண்டுகள் அவற்றை மனனம் செய்தார்கள்.

நைஸாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் பயின்று, 1091இல் பக்தாத் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தின் தலைமைப் பேராசிரியரானார்கள். அப்போது அகவை முப்பத்து மூன்று. முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர்.

கற்பித்தலுக்கிடையே, ஆசிரியர் துணையின்றித் தத்துவ நூல்களைக் கற்றார்கள். அக்கொள்கைகளை முதலில் நடுநிலையோடு தொகுத்து ஒரு நூல் எழுதினார்கள். பின்னரே ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வில் இருபது சிக்கல்களை எடுத்து மறுத்தார்கள். எதிர்த்தரப்பை முழுதும் அறிந்த பின்னரே மறுக்க வேண்டும் என்பது அவர்களது நெறி. கணிதத்தையும் தருக்கத்தையும் அவர்கள் பகைக்கவில்லை. கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்திற்கே ஊறு செய்கிறான் என்று எச்சரித்தார்கள். கஸ்ஸாலி அவர்களின் வாதங்களுக்குப் பின்னாளில் ஸ்பெயினின் இப்னு ருஷ்து (ரஹ்) மறுப்பு எழுதினார்கள்.

தம் வாழ்வின் ஒரு கட்டத்தில் ஐயம் அவர்களை ஆட்கொண்டது. நிழல் அசையாதிருப்பதாகக் கண் காட்டுகிறது. அது நகர்வதை அனுபவம் உணர்த்துகிறது. புலனை அறிவு திருத்துவதுபோல் அறிவையும் திருத்தும் ஒன்று இருக்கலாகாதா? இவ்வினா இரண்டு மாதங்கள் அவர்களை வாட்டியது. வாதத்தால் தீராத அந்நோய், இறைவன் உள்ளத்தில் பாய்ச்சிய ஒளியால் தீர்ந்தது என்று தம் தன்வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார்கள்.

1095இல் வந்த சோதனை அதனினும் கடிது. தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மையே சோதித்தபோது, புகழே முன்னின்றதைக் கண்டார்கள். விலகவும் இயலாமல், இருக்கவும் இயலாமல் ஏறத்தாழ ஆறு மாதங்கள் தவித்தார்கள். இறுதியில் நா எழவில்லை, உணவும் செல்லவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் இருப்பதாக மருத்துவர் கைவிரித்தனர். குடும்பத்திற்கு வேண்டியதை ஒதுக்கி, எஞ்சிய செல்வத்தை வழங்கிவிட்டுப் பக்தாதை நீங்கினார்கள்.

டமாஸ்கஸ், ஜெரூஸலம், ஹெப்ரான், மக்கா, மதீனா எனப் பயணம் தொடர்ந்தது. அரசரின் அவைக்குச் செல்வதில்லை, அவர் பொருளை ஏற்பதில்லை, வாதப்போரில் இறங்குவதில்லை என்று ஹெப்ரானில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் உறுதி பூண்டார்கள். இக்காலத்தில் உருவானதே நாற்பது பகுதிகள் கொண்ட ‘இஹ்யா உலூமித்தீன்’. தற்பெருமை, பொறாமை, பகட்டு ஆகிய உள்ளத்து நோய்களை அது மருத்துவரின் நுட்பத்தோடு ஆராய்கிறது. எழுதியவரே அந்நோயில் கிடந்து எழுந்தவர் என்பதே அந்நூலின் வலிமை.

1106இல் நைஸாப்பூரில் மீண்டும் சிறிதுகாலம் கற்பித்தார்கள். பின் தூஸ் திரும்பி, ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) இறையடி சேர்ந்தார்கள்.

அறிவை நலமுள்ள கண்ணுக்கும், திருமறையைக் கதிரவன் ஒளிக்கும் அவர்கள் ஒப்பிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டவனுக்கு ஒளியால் பயனில்லை; இருளில் நிற்பவனுக்குக் கண்ணால் பயனில்லை. மதிப்பெண்ணுக்கும் பதவிக்குமெனக் கற்கும் மாணவரும், கைதட்டலை விரும்பிக் கற்பிக்கும் ஆசிரியரும் இமாமவர்களின் வாழ்வில் தம்மைக் காணலாம்.