தாயின் மரணம் உருவாக்கிய மருத்துவர்

தேர்வுக் காலத்தில் பசியாறாமல் படிக்கிறோம். வயிறு எரிந்தால் 'கேஸ்ட்ரிக்' என்கிறோம். மெர்சிங்கில் என் சீனத் தோழிகளோ இரைப்பையையும் மண்ணீரலையும் இணைத்தே பேசுவார்கள். அந்தச் சிந்தனையை வளர்த்தவர் லீ தோங்யுவான்.

1180-இல் வட சீனாவில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தாயார் நோயுற்றபோது மருத்துவர்கள் பலர் வந்தனர். நோய் இன்னதென்று தெரியாமலேயே தாயார் இறந்தார். மனம் நொந்த லீ, பெரும்பொருள் கொடுத்து சாங் யுவான்சுவிடம் மருத்துவம் கற்றார்.

1232-இல் மங்கோலியர் காய்ஃபெங் நகரை முற்றுகையிட்டனர். முற்றுகை விலகிய பிறகும் மக்கள் மடிந்தனர். வெளியிலிருந்து தாக்கிய நோய் என்று எண்ணிய மருத்துவர்கள் கடுமையான மருந்துகளைக் கொடுத்தனர். லீ கண்ட காரணம் வேறு: பட்டினி, அச்சம், களைப்பு. இவற்றால் செரிமான ஆற்றல் குலைந்து உடல் தளர்ந்தது என்றார். அதை மீட்க ஜின்செங் போன்ற மூலிகைகளைச் சேர்த்து மருந்து வகுத்தார். 1249-இல் மண்ணீரல், இரைப்பை பற்றித் தனி நூலே எழுதினார். 1251-இல் மறைந்தார்.

அவர் சொன்ன மண்ணீரல், செரிமான ஆற்றலைக் குறிப்பது. இன்றைய உடற்கூற்றியல் காட்டும் உறுப்பு மட்டுமல்ல. இரைப்பை அழற்சிக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியும் சில வலி மாத்திரைகளும் காரணமாகலாம் என்பதும் அவர் காலத்துக்குத் தெரியாது. எனவே வலி நீடித்தால் மருத்துவரிடம் சென்று பரிசோதிப்பதே சரி.

ஆனாலும் நோயாளி எப்படி வாழ்ந்தார், என்ன சாப்பிட்டார் என்று பார்க்கச் சொன்ன லீயின் பாடம் பழையதாகவில்லை. நாளைக் காலை பசியாறிவிட்டுப் புத்தகத்தைத் திறப்போமே!