கணக்கர் குமரப்பா

1892இல் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா இலண்டனில் கணக்கியல் பயின்றவர். நம் பம்பாயிலேயே தணிக்கையாளராய்த் தொழில் நடத்தியவர். 1929இல் காந்தியடிகளைக் கண்டபின் மேல்நாட்டு உடை களைந்து, கதர் உடுத்து, கிராமத் தொழிலுக்கே வாழ்வை ஈந்தார்.

அவருடைய கணக்கர் கண் இயற்கையிலும் வரவு செலவைக் கண்டது. மண்ணிலிருந்து மரம் வாங்கிய தழைச்சத்தும் மணிச்சத்தும் சருகாய் உதிர்ந்து, மண்புழுவின் உழைப்பால் மண்ணுக்கே திரும்புகின்றன. ஜபல்பூர்ச் சிறையில் அவர் எழுதிய பொருளாதார நூல் இயற்கையின் இச்சுழற்சியிலிருந்தே தொடங்குகிறது. கழிவை எருவாக்கி வயலில் சேர்க்க வற்புறுத்திய அப்பெரியார், 1960இல் மறைந்தார்.

ஊர் வயலின் சத்து அரிசியாய்த் தாராவிக்கு வருகிறது. எச்சமோ தேவ்னாரில் குப்பை மலையாய் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜனை அளக்கும் எனக்கு இந்தக் கணக்கு உறுத்துகிறது. நண்பர்களே, வயலிடம் பட்ட கடனை யார் தீர்ப்பது?