தன் மனதை விசாரித்த மஸ்தான்

அடுத்தவர் குறையைக் கைப்பேசியில் அலச நமக்கு நேரமிருக்கிறது. நம் மனதை விசாரிக்க நேரமில்லை. அந்த விசாரணையையே வாழ்க்கையாக்கிக் கொண்டவர் குணங்குடி மஸ்தான் சாஹிப் (ரஹ்).

இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். 1792-ல் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தார். கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்றார். திருமணப் பேச்சு எழுந்தபோது மறுத்து, வீட்டை விட்டு வெளியேறினார். காடு, மலையென அலைந்து, இறுதியில் சென்னை இராயபுரத்தில் தங்கினார். தன்னை மறந்து திரிந்தவரை மக்கள் மஸ்தான் என்றழைத்தனர். அதுவே பெயராக நிலைத்தது. பராபரக்கண்ணியில் தம் உள்ளத்தின் தடுமாற்றத்தையே இறைவனிடம் முறையிட்டார். திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். 1838-ல் மறைந்து, இராயபுரத்திலேயே அடக்கமானார்.

இல்லறத்தைத் துறப்பது நபிவழியல்ல. அதில் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் தம் நஃப்ஸைக் கேள்வி கேட்ட அவரது துணிவு, குடும்பத்தோடு வாழும் நமக்குத்தான் அதிகம் தேவை.

எங்கள் ஐயம்பேட்டையில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி இணைத்த பிறகே மேலே நெய்வார். நாமும் இஷாவுக்குப் பின் கைப்பேசியைச் சற்று ஒதுக்கிவிட்டு, இன்று யார் மனதைப் புண்படுத்தினோம் என்று தேடுவோம். நாளை காலை அவரிடம் பேசிவிடுவோம்.