காந்திக்கு சுதேசி பேனா கொண்டு சேர்த்த தஞ்சாவூர்க்காரர்: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

வேளாங்கண்ணி, நாகை பக்கம் பழைய வீட்டு அலமாரியைக் கிளறினால் தாத்தா காலத்து வெளிநாட்டு லீவர் பேனா ஒண்ணு கிடைக்கலாம். லீவர் அசையாது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ கலகலவென்று சத்தம் கேட்கும். இங்க்கைப் பிடித்து வைக்கும் ரப்பர் பை இறுகி நொறுங்கிய சத்தம் அது.

பை போச்சுன்னா பேனாவும் போச்சா? எந்தப் பொருள் நிலைக்கும், அது யாருக்கு வேலை கொடுக்கும் என்ற கேள்வியோடு வாழ்ந்தவர் ஒருவர் நம்ம தஞ்சாவூரில் பிறந்திருக்கிறார்.

கோட் சூட் ஆடிட்டர்

1892 ஜனவரி 4-ல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். லண்டனில் கணக்கியல் படித்து, மும்பையில் ஆடிட்டராக நன்றாகச் சம்பாதித்தார். பிறகு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று அங்கே கணக்குப் போட்டபோது, பிரிட்டிஷ் ஆட்சியின் சுரண்டல் அவருக்குப் புரிந்தது.

1929-ல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்ததும் வாழ்க்கையே மாறியது. கோட் சூட் போய் கதர் வந்தது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவும் திரும்பி வந்தது.

பேனாவுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

1934-ல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர் குமரப்பாதான். அப்போது ராஜமுந்திரியில் கே.வி.ரத்னம் சுதேசி பேனா செய்துகொண்டிருந்தார். அவர் செய்த பேனா குமரப்பா மூலமாக காந்தியின் கைக்குப் போனது. எழுதிப் பார்த்த காந்தி, வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935 ஜூலையில் ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார்.

ரத்னம் பேனா என்றதும் நினைவுக்கு வருவது கடைசல் பிடித்த எபோனைட் பேனா. அதில் பை கிடையாது, இங்க்கை நேராகக் கட்டைக்குள்ளேயே ஊற்ற வேண்டியதுதான்.

எபோனைட்டும் ரப்பர்தான். நிறைய கந்தகம் சேர்த்துச் சூடாக்கியதால் கெட்டியானது. கந்தகம் குறைவாக இருக்கும் மெல்லிய பை, காற்றும் வெப்பமும் பட்டு இறுகும், இல்லைன்னா பிசுபிசுவென்று உருகும்.

சிறையில் பிறந்த புத்தகம்

1942 போராட்டத்தில் சிறை சென்ற குமரப்பா, ஜபல்பூர் சிறையில் நிலைத்த பொருளாதாரம் பற்றிய புத்தகத்தை எழுதினார். நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுக்க எடுக்கத் தீர்ந்துபோவதை நம்பும் வாழ்க்கை ஒரு பக்கம். காடு, நீர், உழைப்பு மாதிரி மறுபடி மறுபடி ஊறி வருவதை நம்பும் வாழ்க்கை இன்னொரு பக்கம். நிலைப்பது இரண்டாவதுதான் என்றார்.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். கடைசிக் காலத்தில் மதுரை பக்கம் டி.கல்லுப்பட்டி ஆசிரமத்தில் தங்கினார். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளிலேயே மறைந்தார்.

சரி, தாத்தா பேனாவை என்ன செய்யலாம்?

லீவரை வலுக்கட்டாயமாகத் தூக்காதீங்க, உடைஞ்சிடும். நிப் இருக்கும் முன்பகுதியை ஹேர் டிரையரில் இளஞ்சூடாக்கி, மெதுவாக ஆட்டிக் கழற்றணும். தீயில் காட்டவே கூடாது. செல்லுலாய்டு பேனாவாக இருந்தால் பற்றிக்கொள்ளும்.

பழைய பையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே அளவில் புதுப் பை வாங்கணும். அதை ஷெல்லாக் தடவி ஒட்டி, ஒரு ராத்திரி காயவிடணும். மேலே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, முதலில் தண்ணீர் ஏற்றி ஒழுகுதான்னு பாருங்க. நீங்களே கழற்றப் பயமாக இருந்தால் பேனா ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள். பேனாவும் பிழைக்கும், அவர் தொழிலும் பிழைக்கும். குமரப்பா போட்ட கணக்கும் அதுதான்.