ஸ்டீவ் மெக்குயின்

இக்கட்டுரை அமெரிக்க நடிகரைப் பற்றியது. இதே பெயரைக் கொண்ட பிரித்தானியத் திரைப்பட இயக்குநரைப் பற்றி அறிய ஸ்டீவ் மெக்குயின் (இயக்குநர்) கட்டுரையைப் பார்க்க.

ஸ்டீவ் மெக்குயின் என அறியப்படும் டெரன்ஸ் ஸ்டீவன் மெக்குயின் (மார்ச் 24, 1930 – நவம்பர் 7, 1980) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த திரைப்பட நடிகரும், தானுந்து (கார்) மற்றும் விசையுந்து (மோட்டார் சைக்கிள்) பந்தய வீரரும் ஆவார். 1960களிலும் 1970களிலும் ஹாலிவுட்டின் முன்னணி நடிகர்களுள் ஒருவராக விளங்கினார். 1968 ஆம் ஆண்டு வெளிவந்த புல்லிட் திரைப்படத்தில் இவர் ஓட்டிய பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங், மசில் கார் என அழைக்கப்படும் பழைய அமெரிக்கத் தானுந்துகள் மீதான ஏக்கத்தின் அடையாளமாக இன்றும் கருதப்படுகிறது. அந்தத் தானுந்தைத் தமக்கு உரிமையாக்கிக்கொள்ள மெக்குயின் முயன்றார்; எனினும் இறக்கும்வரை அது அவருக்குக் கிட்டவில்லை.

இளமைக் காலம்

மெக்குயின் இந்தியானா மாநிலத்தின் பீச் குரோவ் என்னும் ஊரில் பிறந்தார். இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். மிசூரி மாநிலத்தின் சிலேட்டர் என்ற சிற்றூரில், தாய்வழிப் பாட்டியின் உடன்பிறந்தவரான கிளாட் தாம்சனின் பண்ணையில் வளர்ந்தார். நான்காவது பிறந்தநாளுக்கு அவர் பரிசளித்த சிவப்பு நிற மூன்றுசக்கர மிதிவண்டியே பந்தயத்தின் மீது தமக்கு ஆர்வத்தை உண்டாக்கியதாக மெக்குயின் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

தாயின் மறுமணத்திற்குப் பின்னர் இவரது வாழ்க்கை நிலையற்றதாயிற்று. மாற்றாந்தந்தையரின் கொடுமைக்கு ஆளானதுடன் தெருச் சண்டைகளிலும் சிறு திருட்டுகளிலும் ஈடுபட்டார். இதனால் கலிபோர்னியாவின் சீனோ நகரில் உள்ள பாய்ஸ் ரிபப்ளிக் என்னும் சீர்திருத்த இல்லத்தில் சேர்க்கப்பட்டார். தம்மை நெறிப்படுத்திய அவ்வில்லத்தை இவர் மறக்கவில்லை. புகழடைந்த பின்னரும் அங்கு சென்று சிறுவர்களைச் சந்தித்து வந்தார்.

1947 இல் அமெரிக்கக் கடற்படைப் பிரிவில் (மரைன்) சேர்ந்து 1950 வரை பணியாற்றினார். பின்னர், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு உதவித் தொகையைக் கொண்டு நியூயார்க்கில் நடிப்புப் பயின்றார். அக்காலத்தில் வார இறுதி விசையுந்துப் பந்தயங்களில் கலந்துகொண்டு பரிசுப் பணம் ஈட்டினார்.

திரைப்பட வாழ்க்கை

1958 முதல் 1961 வரை ஒளிபரப்பான வான்டட்: டெட் ஆர் அலைவ் என்னும் தொலைக்காட்சித் தொடர் இவரை மக்களிடையே அறிமுகப்படுத்தியது. த மேக்னிஃபிசென்ட் செவன் (1960), த கிரேட் எஸ்கேப் (1963) ஆகிய திரைப்படங்கள் இவரை முன்னணி நடிகராக உயர்த்தின. த கிரேட் எஸ்கேப் திரைப்படத்தில் முள்வேலியைத் தாண்டும் விசையுந்துக் காட்சி பெரும் புகழ் பெற்றது. அத்தாவலைச் செய்தவர் மெக்குயினின் நண்பரும் சாகச வீரருமான பட் எகின்ஸ் ஆவார். அத்துரத்தலின் மற்ற பகுதிகள் பலவற்றில் மெக்குயினே ஓட்டினார்.

த சாண்ட் பெபிள்ஸ் (1966) திரைப்படத்திற்காகச் சிறந்த நடிகருக்கான அகாதமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். இவர் இவ்விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது இந்த ஒரு முறை மட்டுமே.

புல்லிட்

பீட்டர் யேட்ஸ் இயக்கிய புல்லிட், 1968 அக்டோபரில் வெளியானது. இதில் மெக்குயின் சான் பிரான்சிஸ்கோ நகரக் காவல்துறை அதிகாரியாக நடித்தார். சுமார் 11 நிமிடங்கள் நீளும் தானுந்துத் துரத்தல் காட்சியே இத்திரைப்படத்தின் சிறப்பாகும். இக்காட்சியில் பின்னணி இசை பெரும்பகுதி நிறுத்தப்பட்டு, பொறிகளின் உறுமலும் சக்கரங்களின் கிறீச்சிடும் ஒலியும் மட்டுமே கேட்கின்றன. படப்பிடிப்பின்போது தானுந்துகள் மணிக்கு 175 கி.மீ.க்கும் கூடுதலான வேகத்தை எட்டின. இப்படத்திற்காக ஃபிராங்க் கெல்லர் சிறந்த படத்தொகுப்புக்கான அகாதமி விருதைப் பெற்றார்.

துரத்தலில் இரண்டு வகைத் தானுந்துகள் பயன்பட்டன:

* ஃபோர்டு மஸ்டாங் ஜிடி 390 (1968): கரும்பச்சை நிறம்; 6.4 லிட்டர் வி8 பொறி, 325 குதிரைத்திறன். மெக்குயின் ஓட்டியது.
* டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி 440 (1968): கருப்பு நிறம்; 7.2 லிட்டர் வி8 பொறி, 375 குதிரைத்திறன். பில் ஹிக்மன் ஓட்டியது.

செங்குத்தான தெருக்களில் பாய்ந்து விழும் அதிர்ச்சியைத் தாங்கும் பொருட்டு, பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரான மாக்ஸ் பால்சௌஸ்கி இவற்றின் அதிர்வுதாங்கிகளை வலுப்படுத்தினார். கடினமான பகுதிகள் சிலவற்றை மெக்குயினுக்குப் பதிலாகப் பட் எகின்ஸ் ஓட்டினார். ஒரு திருப்பத்தைத் தவறவிட்ட மெக்குயின், சக்கரங்கள் புகைய வண்டியைப் பின்னோக்கிச் செலுத்திய நிகழ்வு நீக்கப்படாமல் திரைப்படத்திலேயே இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

மசில் கார் காலம்

நடுத்தர அளவுடைய உடலில் பெரிய வி8 பொறியைப் பொருத்தி, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் விற்கப்பட்ட அமெரிக்கத் தானுந்துகளே மசில் கார்கள் ஆகும். 1964 இல் அறிமுகமான பாண்டியாக் ஜிடிஓ இவ்வகையைப் பரவலாக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த மஸ்டாங், அளவில் சிறியது என்பதால் போனி கார் எனத் தனியே வகைப்படுத்தப்படுவதும் உண்டு. காப்பீட்டுக் கட்டண உயர்வு, 1970 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த புகைக் கட்டுப்பாடுகள், 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி ஆகியவற்றால் இக்காலம் பத்தாண்டுகளுக்குள் முடிவுற்றது. இளமையில் இவற்றை ஓட்டியோரும், விரும்பியும் வாங்க இயலாதோரும் நடுவயதில் இவற்றைத் தேடி வாங்கத் தொடங்கினர். இதனால் ஒரு காலத்தில் பழைய இரும்பாகக் கழிக்கப்பட்ட வண்டிகள் அரும்பொருட்களாயின.

பந்தயங்கள்

1964 இல் கிழக்கு செருமனியின் எர்ஃபர்ட் நகரில் நடைபெற்ற பன்னாட்டு ஆறு நாள் விசையுந்துப் போட்டியில் மெக்குயின் அமெரிக்க அணியில் இடம்பெற்றார். 1970 இல் புளோரிடாவின் செப்ரிங் 12 மணிநேரப் பந்தயத்தில் பீட்டர் ரெவ்சனுடன் இணைந்து போர்ஷே 908 வண்டியை ஓட்டி இரண்டாம் இடம் பெற்றார். சில நாட்களுக்கு முன் நிகழ்ந்த விசையுந்து விபத்தில் முறிந்த இடக்காலில் மாவுக்கட்டுடனேயே இவர் அப்பந்தயத்தில் கலந்துகொண்டார். அதில் பெரும்பகுதி நேரம் வண்டியை ஓட்டியவர் ரெவ்சன் ஆவார்.

பந்தயத்தை உள்ளவாறே காட்டும் நோக்குடன் இவர் உருவாக்கிய லெ மான்ஸ் (1971) திரைப்படம் வணிக அளவில் தோல்வியுற்றது. படப்பிடிப்பில் ஏற்பட்ட விபத்தில் டேவிட் பைப்பர் என்னும் பந்தய வீரர் ஒரு காலின் பகுதியை இழந்தார். இயக்குநர் ஜான் ஸ்டர்ஜெஸ் பாதியில் விலகினார். அதே காலகட்டத்தில் மெக்குயினின் முதல் மணவாழ்க்கையும் குலைந்தது.

மஸ்டாங்கைத் தேடுதல்

புல்லிட் படப்பிடிப்பிற்கு இரண்டு மஸ்டாங்குகள் பயன்படுத்தப்பட்டன. பாய்ச்சல்களால் பெரிதும் சேதமடைந்த ஒன்று பழைய இரும்புக் கிடங்கிற்குச் சென்றது. மற்றொன்று திரைப்பட நிறுவன ஊழியர் ஒருவருக்கு விற்கப்பட்டு, பின்னர் கைமாறியது. 1974 இல் இது 6,000 டாலர் விலைக்கு இதழ் ஒன்றில் விளம்பரம் செய்யப்பட்டது. நியூ ஜெர்சியைச் சேர்ந்த காப்பீட்டுத் துறை ஊழியர் ஒருவர் இதை வாங்கினார். ஆசிரியையான அவரது மனைவி நாள்தோறும் பள்ளிக்குச் செல்ல இதையே பயன்படுத்தினார்.

1970களின் இறுதியில் மெக்குயின் தமது பழைய வாகனங்களை மீட்பதில் நாட்டம் கொண்டிருந்தார். முன்பு விற்றுவிட்ட தமது ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ் தானுந்தை மீண்டும் வாங்கினார். மொத்தம் 16 மட்டுமே உருவாக்கப்பட்ட வகையைச் சேர்ந்த அவ்வண்டி இறுதிவரை அவரிடம் இருந்தது. மஸ்டாங்கையும் இவ்வாறே பெற விரும்பிய அவர், 1977 டிசம்பரில் அதன் உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார். வண்டியை வாங்க விரும்புவதாகவும், மாற்றாக வேறொரு மஸ்டாங்கைத் தேடித் தருவதாகவும், விலை மிகையாக இருப்பின் வேண்டியதில்லை என்றும் அதில் தெரிவித்திருந்தார். உரிமையாளர் இணங்கவில்லை. அவருக்கும் அது விற்பதற்கான பொருளாக இல்லாமல் குடும்பத்தின் வண்டியாகிவிட்டிருந்தது.

மறைவு

1979 டிசம்பரில் மெக்குயினுக்கு நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. கல்நார்த் தூசியால் உண்டாகும் இந்நோய், படையில் பணியாற்றியபோது கப்பல் குழாய்களிலிருந்து கல்நார் உறைகளை அகற்றியதால் தமக்கு வந்திருக்கலாம் என்று அவர் கருதினார். மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெசு நகரில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின்னர், 1980 நவம்பர் 7 அன்று தமது 50 ஆவது வயதில் காலமானார். இவரது சாம்பல் பசிபிக் பெருங்கடலில் தூவப்பட்டது. 1984 நவம்பரில் இவரது விசையுந்துகளும் தானுந்துகளும் லாஸ் வேகசில் ஏலம் விடப்பட்டன.

மஸ்டாங்கின் பிற்கால வரலாறு

மெக்குயின் மறைந்த அதே 1980 ஆம் ஆண்டில், கிளட்ச் பழுதானதால் மஸ்டாங்கின் ஓட்டமும் நின்றது. அதன்பின் பல்லாண்டுகள் அது எங்குள்ளது என்பது பொதுமக்களுக்குத் தெரியாதிருந்தது. உரிமையாளர் 2014 இல் மறைந்த பின்னர் அவரது மகன் அதை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். 2018 சனவரியில் டெட்ராய்ட் தானுந்துக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் தனது புதிய புல்லிட் மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியபோது பழைய வண்டியும் மேடையேறியது. மங்கிய வண்ணப்பூச்சும், துருவும், படப்பிடிப்புக் கருவிகளைப் பொருத்த இட்ட பற்றுகளும் அதில் மாற்றப்படாமல் இருந்தன. சேதமடைந்த மற்ற வண்டி 2017 இல் மெக்சிகோவில் கண்டுபிடிக்கப்பட்டது.

2020 சனவரி 10 அன்று புளோரிடாவின் கிசிமீ நகரில் நடந்த ஏலத்தில், கட்டணங்கள் உட்பட 37.4 லட்சம் டாலருக்கு இம்மஸ்டாங் விலைபோனது. அதுவரை எந்த மஸ்டாங்கும் இவ்விலையைப் பெற்றதில்லை. 2014 இல் மெக்குயினின் ஃபெராரி 275 ஜிடிபி/4 ஒரு கோடி டாலருக்கும் கூடுதலாக விற்கப்பட்டது. அத்தகைய ஃபெராரி தொடக்கம் முதலே செல்வந்தர்களுக்கான வண்டி ஆகும். மஸ்டாங்கோ தொழிற்சாலையில் பெரும் எண்ணிக்கையில் உருவான ஒரு பொது வண்டி. மெக்குயின் ஓட்டியதும், ஒரு குடும்பம் 45 ஆண்டுகளுக்கும் மேலாக விற்காமல் வைத்திருந்ததுமே அதன் மதிப்பிற்குக் காரணங்களாகும்.

குறிப்பிடத்தக்க திரைப்படங்கள்

* த பிளாப் (1958)
* த மேக்னிஃபிசென்ட் செவன் (1960)
* த கிரேட் எஸ்கேப் (1963)
* த சாண்ட் பெபிள்ஸ் (1966)
* த தாமஸ் கிரவுன் அஃபேர் (1968)
* புல்லிட் (1968)
* லெ மான்ஸ் (1971)
* த கெட்டவே (1972)
* பாப்பியோன் (1973)
* த டவரிங் இன்ஃபர்னோ (1974)
* டாம் ஹார்ன் (1980)
* த ஹன்டர் (1980)