டீசல் பம்பு தந்த ராபர்ட் பாஷ்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கோ திருப்பத்தூருக்கோ டீசல் ஜீப்பில் போய் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் 'செல்ப்' சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஒரு வழியாகப் பிடித்துக்கொண்டாலும், பாரம் ஏற்றியதும் வண்டி இழுக்காது. விக்கி விக்கி ஓடும். நடுவழியில் நின்றும் போகும்.

கை தேர்ந்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் பம்பில் கை வைக்க மாட்டார். முதலில் டீசல் பில்டரைப் பார்ப்பார். அடைப்பு இருக்கிறதா, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிப்பார். குழாயில் காற்றுப் புகுந்திருந்தால், திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடிப்பார். நுரை நின்று சுத்தமான டீசல் வரும் வரை அடிப்பார். நாசிலையும் கழற்றிப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தும் வண்டி விக்கினால்தான், கோளாறு பம்பில் என்று முடிவு கட்டுவார்.

பம்பைக் கழற்றும் முன் டைமிங் குறியைப் பார்த்து வைத்துக்கொள்வார். புதுப் பம்பை அந்தக் குறிப்படி பொருத்த வேண்டும். குறி தப்பினால் வண்டி கிளம்பாது. கிளம்பினாலும் எஞ்சின் 'தட்டும்'.

இத்தனை நுட்பம் வாய்ந்த பம்பை, ஓடும் வண்டிகளுக்கு ஏற்றபடி செய்து, ஆயிரக்கணக்கில் விற்பனைக்குக் கொண்டு வந்தவர் ஒரு விவசாயியின் மகன். அவர் பெயர் ராபர்ட் பாஷ்.

பதினோராவது பிள்ளை

ஜெர்மனியில் உல்ம் நகரத்துக்கு அருகே ஆல்பெக் என்று ஒரு கிராமம். அங்கே 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 23ந்தேதி பாஷ் பிறந்தார். தந்தைக்கு நிலபுலன் உண்டு. ஒரு சத்திரமும் நடத்தி வந்தார். வீட்டில் 12 பிள்ளைகள். பாஷ் பதினோராவது பிள்ளை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், நுண்கருவிகள் செய்யும் ஒரு பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மனநிறைவு இல்லை. தொழில் கற்றுக்கொடுக்க வேண்டியவர் அதில் அக்கறை காட்டவில்லை. பிற்காலத்தில் தம் தொழிற்சாலையில் வேலை பழகும் இளைஞர்களுக்கென்று தனிப் பயிற்சிக் கூடம் அமைத்தாரே, அதற்கு வித்து இங்கேதான் விழுந்தது என்று கூறலாம்.

பிறகு ஊர் ஊராகச் சென்று வேலை செய்தார். 1884இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மின்விளக்குப் புகழ் எடிசனின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கிருந்து லண்டன் போய், சீமென்ஸ் கம்பெனியில் சில காலம் இருந்தார்.

1886ஆம் ஆண்டு நவம்பர் 15ந்தேதி, ஸ்டுட்கார்ட் நகரில் சொந்தப் பட்டறை திறந்தார். தந்தை வைத்துவிட்டுப் போன பணம்தான் முதல். ஒரு மெக்கானிக், ஓர் எடுபிடிப் பையன். இவ்வளவுதான் பட்டாளம்! டெலிபோன் பொருத்துவது, மின்சார மணி மாட்டுவது என்று கிடைத்த வேலையை எல்லாம் செய்தார்கள். வேலை குறைந்தபோது ஆட்களைக் குறைக்க நேர்ந்தது. கடன் நெருக்கியது.

தீப்பொறி தந்த செல்வம்

அந்தப் பட்டறைக்கு வாழ்வு தந்தது 'மாக்னெட்டோ' என்ற சிறு கருவி. பெட்ரோல் எஞ்சினுக்குள் தீப்பொறி உண்டாக்கித் தருவது அது. அதை முதலில் கண்டுபிடித்தவர் பாஷ் அல்ல. பிறர் செய்த கருவியைத் திருத்திச் செம்மையாக்கியதே அவர் திறமை. 1897இல் அதை மோட்டார் வண்டிக்கும் பொருத்திக் காட்டினார். 1902இல் அவரிடம் வேலை பார்த்த ஹோனோல்ட் என்ற பொறியாளர், தீப்பொறி பிளக்குடன் கூடிய புதிய மாக்னெட்டோவை உருவாக்கினார். உலகமெங்கும் ஆர்டர்கள் குவிந்தன.

பாஷ் கைச்சிக்கனக்காரர். ஒருநாள் தரையில் கிடந்த காகிதக் கவ்வியை எடுத்து, இது என்ன என்று ஒரு குமாஸ்தாவைக் கேட்டாராம். கவ்வி என்று பதில் வந்ததும், இல்லை, இது என் பணம் என்று திருத்தினாராம். ஆனால் தொழிலாளி விஷயத்தில் அந்தக் கை சுருங்கவில்லை. 1906லேயே தம் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டு வந்தார். மற்ற முதலாளிகள் முகம் சுளித்தார்கள்.

முதல் உலக யுத்தம் மூண்டது. யுத்தத்தில் வந்த லாபத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. கோடிக்கு மேற்பட்ட மார்க்குகளைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் இருந்த அவருடைய தொழிற்சாலைகளை அந்நாட்டு அரசு பறித்துக்கொண்டது. நீண்ட நாள் நோயில் கிடந்த மகன், 1921இல் இறந்தான்.

தன் தொழிலுக்கே பகை

அடுத்த ஆண்டில்தான் அவர் பெரிய முடிவு ஒன்றை எடுத்தார்.

டீசல் எஞ்சினுக்கு பிளக் கிடையாது. உள்ளே அடைபடும் காற்றை எஞ்சின் அழுத்துகிறது. அழுத்தத்தால் காற்று பழுக்கக் காய்கிறது. அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். தீப்பொறியே வேண்டாம்! பாஷ் செல்வம் சேர்த்ததோ தீப்பொறியை விற்று. டீசல் வண்டிகள் பெருகினால் அவர் பிழைப்பு என்னாவது?

ஆனால் டீசல் எஞ்சினை வண்டியில் வைக்க ஓர் இடையூறு இருந்தது. அதைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல், அழுத்திய காற்றின் உதவியால்தான் எண்ணெயை உள்ளே செலுத்தினார். அதற்குத் தனிக் காற்று யந்திரம் தேவைப்பட்டது. கப்பலுக்கும் ஆலைக்கும் அது சரி. லாரி எப்படிச் சுமக்கும்? அந்தக் குறை தீருமுன்பே, 1913இல், கப்பல் பயணத்தின்போது கடலில் மறைந்து போனார் டீசல்.

தம் பிளக் வியாபாரத்துக்கு வரும் பகையைத் தாமே வளர்ப்பது என்று பாஷ் துணிந்தார். 1922இல் பம்பு வேலை தொடங்கியது. வேலை எளிதாக இல்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் 1,000 தடவை எண்ணெய் பீய்ச்ச வேண்டும். ஒவ்வொரு தடவையும் சிறு துளிதான். அளவு பிசகக் கூடாது. நேரமும் தவறக் கூடாது. டாக்டர் போடும் ஊசிக்குழல் போல, உருளைக்குள் ஒரு தண்டு ஏறி இறங்கி எண்ணெயைத் தள்ளும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதனால்தான் டீசலில் கலந்த தூசியும் தண்ணீரும் பம்புக்கு எமனாகின்றன. மெக்கானிக் முதலில் பில்டரைப் பார்ப்பதும் அதனால்தான்.

ஐந்து ஆண்டு பாடுபட்டார்கள். 1927இன் இறுதியில் பம்பு உற்பத்தி தொடங்கியது. முதலில் லாரிகளில் ஏறியது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் காரிலும் ஏறியது.

இருண்ட காலம்

பாஷின் கடைசி ஆண்டுகள் ஹிட்லர் ஆட்சியில் கழிந்தன. ஹிட்லரை அவருக்குப் பிடிக்கவில்லை. அவரும் நெருங்கிய அதிகாரிகளும் யூதர்கள் சிலருக்கு உதவினார்கள். ஹிட்லரை எதிர்த்து நின்ற கோர்டலருக்குத் தம் கம்பெனியில் ஆலோசகர் பதவி கொடுத்துக் காத்தார். ஆயினும் அதே கம்பெனி ஹிட்லரின் படைக்குக் கருவிகள் செய்து கொடுத்தது. பிற நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அங்கே கட்டாய வேலை செய்தார்கள். இந்தக் கறையையும் மறைப்பதற்கில்லை.

1940இல் ஸ்டுட்கார்ட்டில் அவர் கொடுத்த பொருளால் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டு மார்ச் 12ந்தேதி, 80வது வயதில் பாஷ் காலமானார். அவர் விருப்பத்தை ஒட்டி, 1964இல் கம்பெனியின் பெரும்பாலான பங்குகள் அறநிலையம் ஒன்றுக்குச் சேர்ந்தன. அந்த வருமானம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகிறது.

அவர் இறந்து ஒன்பது ஆண்டுக்குப் பின், 1951இல், பாஷ் கம்பெனியின் தொடர்பில் 'மைக்கோ' கம்பெனி பிறந்தது. பிளக்கும் டீசல் பம்பும் இந்தியாவிலேயே தயாராயின. 2008இல் கம்பெனியின் பெயர் பாஷ் என்று மாறியது. ஆனாலும் பழைய மெக்கானிக்குகளின் வாயில் அது இன்னும் மைக்கோ பம்புதான்.