சிறைக்கு அஞ்சாத அஹிம்சை: தில்லையாடி வள்ளியம்மையின் வாழ்வு

அஹிம்சையே உயர்ந்த அறம் என்பது, நம் இல்லங்களில் குழந்தைகள் பேசப் பழகும் நாள்தொட்டுக் கேட்டு வளரும் உண்மையாகும். நீரை வடிகட்டி அருந்துகிறோம். கதிரவன் மறையுமுன் உண்கிறோம். ஊனும் கள்ளும் தேனும் விலக்குகிறோம். இவை நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வங்கள். எனினும், அண்மையில் சேலையூரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் சில குடும்பத்தார் கூடியிருந்தபோது, கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் எழுப்பிய வினா நம்மைச் சிந்திக்க வைத்தது. நமக்கோ பிறர்க்கோ அநீதி இழைக்கப்படுங்கால் வாய்மூடி இருப்பதுதான் அஹிம்சையா என்று அவர் வினவினார். அங்கிருந்த பெரியோர் உடனே விடை கூறத் தயங்கினர். நாமும் தயங்கினோம். அவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் குறுகிய வாழ்வை ஈண்டு எழுத முற்படுகிறோம்.

தாம்பரத்தில் மின்சார ரயிலேறி எழும்பூர் சென்று கைத்தறி ஆடை வாங்கும் வழக்கம் நம்மில் பலர்க்கு உண்டு. அங்குக் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் கட்டடம் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்னும் பெயரோடு விளங்குகிறது. பெயரைப் படிக்கும் பலரும் அதற்குரியவர் பதினாறே ஆண்டு வாழ்ந்து மறைந்தவர் என்பதை அறியார்.

வள்ளியம்மை 1898ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் முனுசாமி முதலியார். தாயார் மங்களம் அம்மையார். குடும்பத்தின் பூர்விகத் தொடர்பு, இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியோடு இருந்தது. அவ்வூர்ப் பெயரே பிற்காலத்தில் அவர் பெயரோடு ஒன்றாயிற்று.

அந்நாட்டில் தமிழர் பட்ட துன்பம் சொல்லி முடியாதது. 1860இல் சென்னையிலிருந்து சென்ற முதற் கப்பலிலேயே கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர் நேட்டால் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பியோர் மீது, 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. பின்னர் இவ்வரி பதினாறு வயது கடந்த ஆண்மக்களுக்கும் பதின்மூன்று வயது கடந்த பெண்மக்களுக்கும் விரிந்தது. மாதம் பதினான்கு ஷில்லிங்கைத் தாண்டாத கூலி பெற்றவன், மனைவி மக்களுடன் நால்வராயின் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன் செலுத்த வேண்டும். அவனுடைய ஓராண்டு வருவாய் முழுவதையும் கொடுத்தாலும் அத்தொகைக்கு ஈடாகாது. இதற்கு மேல், கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்னும் பொருள்பட 1913 மார்ச் 14 அன்று நீதிமன்றத் தீர்ப்பொன்றும் வந்தது. நம் பெண்டிர் மனைவியர் என்னும் உரிமையையே இழக்கும் நிலை உண்டாயிற்று.

இவ்வநீதிகளை எதிர்க்க அண்ணல் காந்தியடிகள் மேற்கொண்ட வழியே சத்தியாக்கிரகம். அவ்வழி உருவானதில் நம் சமயச் சான்றோர் ஒருவரின் பங்கும் உண்டு. 1891இல் மும்பையில் காந்தியடிகள் கண்டு பழகிய ஸ்ரீமத் ராஜசந்திரர், வைர வணிகம் செய்துகொண்டே பற்றற்ற உள்ளத்தோடு வாழ்ந்த இல்லறத்தார். 1894இல் தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்களால் மனங்கலங்கிய காந்தியடிகள் இருபத்தேழு வினாக்களை எழுதியனுப்ப, ராஜசந்திரர் அவற்றுக்கு விரிவாக விடை எழுதி அவரைத் தெளிவித்தார். டால்ஸ்டாய், ரஸ்கின் ஆகியோரோடு ராஜசந்திரரையும் தம் வாழ்வை ஆட்கொண்டோராகக் காந்தியடிகள் போற்றினார். ஆகவே தென்னாப்பிரிக்கப் போரில் நம் அறத்தின் மணமும் கமழ்ந்தது எனலாம்.

1913ஆம் ஆண்டில் பெண்டிரும் அப்போரில் இறங்கினர். டிரான்ஸ்வாலிலிருந்து உரிமைச்சீட்டின்றி நேட்டால் எல்லையைக் கடப்பது சட்டப்படி குற்றம். அதனை அறிந்தே அவர்கள் கடந்தனர். அவருள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையோடு சென்றோரும் இருந்தனர். வள்ளியம்மை தம் தாயாரோடு இரண்டாம் அணியில் சேர்ந்து, அக்டோபர்த் திங்கள் இறுதியில் நியூகாசில் சென்றார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் தலைவரியின் கொடுமையை எடுத்துரைத்து, அது நீங்கும்வரை வேலைக்குச் செல்லாதிருக்க வேண்டுவதே அப்பெண்களின் பணி. ஊர் ஊராகச் சென்று கூட்டங்களில் பேசினர். தொழிலாளர் திரள்திரளாக வெளியேறினர். நவம்பர் 6 அன்று காந்தியடிகள் தலைமையில் டிரான்ஸ்வால் எல்லை நோக்கிப் புறப்பட்ட நடைப்பயணத்தில் 2,037 ஆடவரும் 127 மகளிரும் 57 குழந்தைகளும் இருந்தனர். ஒருவர் கையிலும் கோலோ கல்லோ இல்லை.

டிசம்பரில் வள்ளியம்மைக்கும் அவர் தாயார்க்கும் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மாரிட்ஸ்பர்க் சிறையில் பெண்களுக்குத் தரப்பட்ட உணவு மிக இழிவானது. வேலையோ துணி வெளுத்தல். சிறை புகுந்த சின்னாட்களிலேயே வள்ளியம்மையைக் காய்ச்சல் பற்றியது. தண்டனைக் காலம் முடியுமுன் விடுதலை பெற வாய்ப்பிருந்தும் அவர் அதனை ஏற்க மறுத்தார் என்பர். உடல் உருக்குலைந்து, எலும்பும் தோலுமாகவே அவர் வெளிவந்தார்.

ஜோகன்னஸ்பர்க்கில் நோயுற்றுக் கிடந்த அவரைக் காணச் சென்ற காந்தியடிகள், சிறை சென்றதற்காக வருந்துகிறாரா என்று கேட்டார். வருந்தவில்லை என்றும், மீண்டும் அழைப்பு வரின் மீண்டும் செல்வதாகவும் அச்சிறுமி கூறினார். உயிர் போகக்கூடும் என்று காட்டியபோதும், தாய்நாட்டின் பொருட்டு உயிர் துறப்பதை யார்தாம் விரும்பார் என்னும் கருத்தில் விடையளித்தார். சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று அவர் மறைந்தார். துன்புறுத்தியோரை அவர் வெறுத்ததாக ஒரு சொல்லும் காந்தியடிகளின் வரலாற்று நூலில் இல்லை.

அதே ஆண்டின் இடையில் இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. நம் திருமணங்கள் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன. 1914 ஜூலையில் அந்நாட்டை விட்டுப் புறப்படுமுன், பிராம்ஃபான்டைன் இடுகாட்டில் வள்ளியம்மைக்கும், 1909இல் சிறைக் கொடுமையால் உயிர்நீத்த இளைஞர் நாகப்பனுக்கும் நினைவுக்கல் திறக்கப்பட்டபோது காந்தியடிகள் உடனிருந்தார். 1915இல் தமிழகம் வந்தபோது தில்லையாடிக்கே சென்றார். 2008இல் இந்திய அஞ்சல்துறை வள்ளியம்மை நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அச்சட்டம் முழு நீதியைத் தந்துவிடவில்லை என்பதும் உண்மையே. அந்நாட்டில் நிறவெறி ஆட்சி முடிந்து எல்லா இனத்தாரும் வாக்களிக்க 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. அறவழிப் போரின் பயன் ஒரு தலைமுறையோடு முடிவதன்று.

இனி நம் இளைஞரின் வினாவுக்கு வருவோம். இல்லறத்தாரின் ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்யோகம், விரோதம் என நால்வகையாக நம் ஆசாரியர் வகுத்தனர். வேண்டுமென்றே உயிர்க்கு ஊறு செய்தலாகிய முதலாவதை அறவே விடுதல் சிராவகர் கடன். அடுப்பு மூட்டல் முதலிய இல்லப் பணியிலும், உழவு வாணிகம் முதலிய தொழிலிலும், தாக்க வருவோரைத் தடுப்பதிலும் நேரும் ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ளல் வேண்டும். எனவே அநீதியை எதிர்த்தலையே நம் அறம் விலக்கியது என்பது பிழை. எதிர்க்குங்கால் பிறர்க்கு நேரும் ஊறு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அறம் உயரும் என்பதே அதன் உட்பொருள். வள்ளியம்மையும் அவர்தம் தோழியரும் அவ்வூற்றை முற்றும் நீக்கி எதிர்த்தனர். வந்த துன்பத்தைத் தம் உடம்பிலேயே ஏற்றனர். பசியும் தாகமும் குளிரும் நோயும் வந்துற்றபோது கலங்காது பொறுக்கும் முனிவரின் பரீஷஹ வெற்றியை நாம் வணங்குகிறோம். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி சிறைக்கூடத்தில் அதன் ஒரு சாயலைக் காட்டினார்.

நம் சமையலறைகளில் நாள்தோறும் காக்கப்படும் அஹிம்சை, வீதியிலும் அலுவலகத்திலும் நம்மோடு வருதல் வேண்டும். எளியவர் ஒருவர் நம் கண்முன் இழிவுபடுத்தப்படுங்கால் சினமின்றி, ஆனால் அச்சமுமின்றி, இது தகாது என்று சொல்லும் துணிவும் அணுவிரதத்தின் பகுதியே. அதற்கு வரும் இழப்பை நாமே ஏற்போமாக, பிறர்மீது சுமத்தாதிருப்போமாக. அடுத்த முறை எழும்பூரில் அப்பெயரைக் காணுங்கால், உடன்வரும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்வோம்.

அறம் வளர்க! உயிர்கள் அனைத்தும் இன்புறுக!